அட்டையைத் தொடுங்கள்

“வாய்க்குள்ள என்ன, கொழுக்கட்டையா வச்சிருக்க?”

நாகலெட்சுமியிடம் இதைக் கேட்டவர் பத்தாம் வகுப்பில் தமிழ் படிப்பித்த மிஸ். ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில், எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார். அவளும் எழுந்து நின்றாள். ‘அவன் அறைக்குள் சென்றான்’ என்று புத்தகத்தில் இருந்தது. அவளுடைய வாய் தன்பாட்டில் ‘அவன் காம்பராவுக்குள்ள போனான்’ என்று வாசித்துவிட்டது. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த வாய் அது. அதைப் பொறுத்தவரை அறை என்பது கன்னத்தில் விழுவது. ஆள் குடியிருப்பது காம்பரா. வகுப்பு சிரித்தது. பின்வரிசை வாங்கில் இருந்தவர்கள், எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்கள். அதற்குமேல் அவளுக்கு ஓர் எழுத்தும் வெளியே வரவில்லை. அப்போதுதான் மிஸ் கொழுக்கட்டையைப் பற்றி விசாரித்தார்.

திங்கட்கிழமை அவளுக்கு வயிற்றுவலி. செவ்வாய்க்கிழமையும். வலி ஒரு வாரத்தில் நின்றுவிட்டது. பள்ளிக்கூடமும் அதோடு நின்றுவிட்டது. அது நடந்து நாலு வருஷம்.

அவள் ஊமை ஒன்றும் இல்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது பேசுவாள், அம்மாவோடு சண்டை பிடிப்பாள், சின்னப் பிள்ளைகளோடு நாளெல்லாம் பேசுவாள். சப்பாத்துப் போட்டவர் யாராவது முன்னால் வந்து நின்றால்தான் சிக்கல். கண் அந்தச் சப்பாத்தைவிட்டு மேலே ஏறாது. கொழுக்கட்டை எங்கிருந்தோ வந்து வாயை அடைத்துக்கொள்ளும். தோட்டத்துக்கு வந்துபோகும் பெரிய மனிதர்களின் முகம் ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. யாருடைய சப்பாத்தில் எந்தப் பக்கம் தையல் விட்டிருக்கிறது என்பது தெரியும்.

இப்படிப்பட்டவளுக்குப் பொருத்தமாகத் தோட்டத்தில் ஒரு வேலை இருந்தது. ராகலைக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்தின் கீழ்க்கணக்கு என்ற பிரிவில், மூன்று மொழியில் ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்று போர்டு மாட்டிய ஒரு கட்டடம் உண்டு. அந்தப் பெயரை முழுதாக வாசித்தவர் போர்டு எழுதிய பெயின்டர் ஒருவர்தான். மற்ற எல்லாருக்கும் அது புள்ளக்காம்பரா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடுவார்கள். சாயந்தரம் கொழுந்து நிறுத்த கையோடு வந்து கூட்டிப்போவார்கள். இடையில் பதினேழு பிள்ளைகளுக்கு ராக்காயி ஆயா. ராக்காயிக்கு நாகலெட்சுமி உதவி.

ராக்காயி முப்பது வருஷம் மலையில் நின்று கொழுந்தெடுத்து, முழங்கால் இனி முடியாது என்று சொன்ன பிறகு ஆயாவானவள். பிள்ளை வளர்ப்பில் அவளுக்கு ஒரே கொள்கை: தூங்குகிற பிள்ளையை எழுப்பக்கூடாது, எழுந்த பிள்ளை தன்னை எழுப்பக்கூடாது.

இந்த நிம்மதிக்குள்தான் ஜீவராஜ் வந்து சேர்ந்தார்.

கறுப்புச் சப்பாத்து, வெள்ளை மேஸ். கணுக்காலுக்கு மேலே கரை மடித்துவிட்ட அந்த வெள்ளை மேஸைக் கண்டதுமே ஆள் பெரிய இடம் என்று நாகலெட்சுமிக்குத் தெரிந்துபோயிற்று; சேற்றில் நடக்கிறவன் எவனும் கால்களுக்கு வெள்ளை உடுத்தமாட்டான். ‘மழலைத் தளிர்’ என்ற திட்டத்தின் இணைப்பாளர் அவர். அவர் பேசினால் முற்றுப்புள்ளி காதில் விழும். ‘இருக்காங்க’ என்று ஒருநாளும் சொன்னதில்லை; ‘இருக்கின்றார்கள்’ என்று ஓர் எழுத்தையும் விடாமல் சொல்வார். எந்த ஊர் என்று ராக்காயி கேட்டதற்கு, “கொழும்பிலிருந்து வருகின்றேன்” என்றார். வந்தது கொழும்பிலிருந்துதான். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அவர் கொண்டுவந்தது ஒரு டெப். அதற்குள் பத்துக் கதைப்புத்தகம். தொட்டால் படம் அசையும். ஓர் அக்கா கதை சொல்வாள். நடுநடுவே ஒரு படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்பாள். பிள்ளை சரியாகச் சொன்னால் திரையில் ஒரு பூ விழும். மொத்தம் இருபது சொல், இருபது பூ. பூ விழ விழப் பிள்ளைக்கு மொழி வளரும். கீழ்க்கணக்கில் சிக்னல் கிடையாது என்பதால், விழுந்த பூக்களை எண்ணி ஒரு தாளில் பேனையால் எழுதிவைக்க வேண்டும்; வியாழன்தோறும் அவரே மலையேறி வந்து அந்தத் தாளை வாங்கிப்போவார். டிஜிட்டல் என்றால் இதுதான் என்று ராக்காயி புரிந்துகொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாய்மாரையெல்லாம் கூட்டிவைத்து விளக்கமும் கொடுத்தார். தோட்டத்துக் குழந்தைகளிடம் சொல்வளம் குறைவு, அவர்கள் வாயைத் திறக்கவேண்டும், அதற்கு வழிசமைப்பதே திட்டத்தின் நோக்கம் என்றார். பிள்ளைகளில் ஒருத்தியான சுலக்ஷனாவின் அம்மா பின்னாலிருந்து கை தூக்கினாள்.

“சேர், எம் மக காலையில கண்ணு முழிச்சா படுக்கிற வரைக்கும் வாய மூட மாட்டேங்குறா. பேச்சக் கொஞ்சம் கொறைக்கிற மாதிரி ஏதாச்சும் பொட்டி இருக்குங்களா?”

கூட்டம் சிரித்தது. ஜீவராஜ் சிரிக்கவில்லை. ‘பெற்றோரிடையே விழிப்புணர்வு போதாது’ என்று குறித்துக்கொண்டார்.

டெப்பை இயக்கும் பொறுப்பு முறைப்படி ராக்காயிக்குத்தான் கொடுக்கப்பட்டது. ஆனால் அவள் தொட்டால் அது அசையவில்லை. முப்பது வருஷக் கொழுந்துக் கறையும் காய்ப்பும் ஏறிய விரல். அதை விரல் என்று டெப் ஒத்துக்கொள்ளவில்லை. பெருவிரலால் அமுக்கினாள், முழங்கையால்கூட ஒருதடவை இடித்துப் பார்த்தாள். நான் உசுரோட இருக்கேனான்னே இதுக்குச் சந்தேகம்போல என்று சொல்லி நாகலெட்சுமியிடம் தள்ளிவிட்டாள். நாகலெட்சுமியின் விரல் பட்டதும் டெப் வெளிச்சம் போட்டு வாயைத் திறந்தது.

“அன்புச் செல்வங்களே, அட்டையைத் தொடுங்கள். கதை மலரும்.”

புத்தகத்தின் முன்னட்டையைத்தான் உள்ளே இருந்த அக்கா சொன்னாள். ஆனால் கீழ்க்கணக்கில் புத்தகங்களுக்கு அட்டை தங்குவதில்லை. யாராவது கிழித்து அடுப்பு மூட்டியிருப்பார்கள். அங்கே அட்டை என்றால் ஒன்றே ஒன்றுதான்: மழை விட்டதும் புல்லிலிருந்து காலில் ஏறி, சத்தம் காட்டாமல் ரத்தம் குடித்து, உருண்டு திரண்டு விழுவது. பதினேழு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் காலைத் தூக்கினார்கள். தூக்கிய வேகத்தில் நாலு பேர் மல்லாந்தார்கள். மற்றவர்கள் பக்கத்துப் பிள்ளையின் கெண்டைக்காலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த ராக்காயி, கண்ணைத் திறப்பதற்கு முன்பே சவுக்காரத் துண்டைக் கையில் எடுத்துவிட்டு, யார் காலில் என்று கேட்டாள். டெப் விடவில்லை, அட்டையைத் தொடுங்கள், அட்டையைத் தொடுங்கள் என்று மூன்றுதரம் கெஞ்சியது. அட்டையைத் தொடச் சொல்கிற பொம்பிளை நல்ல பொம்பிளையாக இருக்க முடியாது என்று முடிவுகட்டி ஒரு பிள்ளை அழத் தொடங்கியது.

அன்றிலிருந்து அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பொட்டியக்கா, டெப்புக்குள் பேசுகிறவளுக்குப் பிள்ளைகள் வைத்த பேர் அது, ‘அட்டை’ என்று சொன்னதும் எல்லாரும் எல்லார் காலையும் பார்ப்பார்கள். பார்த்து முடிந்த பிறகுதான் கதை. திட்டத்தால் உண்மையில் விளைந்த நன்மை இது ஒன்றுதான்: அந்த மாதம் எந்தப் பிள்ளையும் அட்டைக்கடியோடு வீட்டுக்குப் போகவில்லை. ஆனால் அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

கதை மலர்ந்த பிறகும் தொல்லை தீரவில்லை. மாடியும் பூந்தோட்டமும் வைத்த ஒரு வீட்டைக் காட்டி, இது என்ன என்றாள் பொட்டியக்கா. பங்களா என்றார்கள் பிள்ளைகள். மீண்டும் முயற்சி செய்க என்றாள். தொரை பங்களா என்று திருத்தமாகச் சொன்னார்கள். பூ விழவில்லை, அவள் எதிர்பார்த்தது ‘வீடு’. கழுத்துப்பட்டி கட்டி, கதிரையில் சாய்ந்து, கணினி பார்க்கும் ஒருவர் வந்தார். பாதிப் பேர் தொரை என்றார்கள், பாதிப் பேர் பேங்க் சேர் என்றார்கள். அது அப்பாவாம். பேருந்து வந்தபோது மட்டும் கருத்து வேறுபாடே இல்லாமல் ராகலை என்று கத்தினார்கள். அவர்களுக்குத் தெரிந்த பஸ் எல்லாம் அந்தப் பேரைக் கூவிக்கொண்டுதான் வரும்.

பத்து நாளில் விழுந்தது ஒரே ஒரு பூ. திரையில் ஆமை நின்றுகொண்டிருந்தபோது ராக்காயி வாயைப் பிளந்து, ஆ என்று தொடங்கி, ம்மை என்று முடித்து ஒரு கொட்டாவி விட்டாள். அருமை, குழந்தையே என்றது டெப்.

வியாழக்கிழமை வந்த ஜீவராஜ் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு, மற்றத் தோட்டங்களில் பூக்கள் குவிகின்றன என்றும், இந்த நிலையம் மட்டும் இப்படியே இருந்தால் சாதாரண தரம் சித்தியடைந்த வேறொருவரை உதவியாளராகப் போட நேரிடும் என்றும், எல்லா எழுத்தையும் உச்சரித்துச் சொன்னார். நாகலெட்சுமி அவருடைய சப்பாத்து நாடாவைப் பார்த்தபடி நின்றாள். இரட்டை முடிச்சு.

அவர் போனதும் ராக்காயி கேட்டாள்: “பத்து வருஷம் பள்ளிக்கூடம் போனவதானே நீ. நீ சொன்னா அந்தப் பொட்டிக்குக் கேக்குதா பாரேன்.”

பிள்ளைகள் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார்கள். நாகலெட்சுமி குனிந்து, மிகவும் மெல்ல, வீடு என்றாள். டெப் கொஞ்சம் யோசித்தது.

“அருமை, குழந்தையே!”

திரையெல்லாம் பூ. பள்ளிக்கூடத்தில் பத்து வருஷமாக ஒருவரும் சொல்லாததை ஒரு டெப் சொல்லிவிட்டது. அவளுக்குக் காதுமடல் சூடேறியது. அந்த வாரம் முழுக்க, பிள்ளைகள் தூங்கியதும் ஒவ்வொரு பேராகத் தொட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் இருபது சொல்லையும் தானே சொன்னாள். எல்லாருக்கும் இருபது என்றால் சந்தேகம் வரும் என்று ஆளுக்கு ரெண்டு மூன்றைத் தப்பாகச் சொல்வாள். தப்பாகச் சொல்ல அவள் சிரமப்படவில்லை. காம்பரா என்றால் போதுமாக இருந்தது.

இப்படிப் பதினாறு பிள்ளைகளுக்குப் பூ விழுந்தது. பதினேழாவது பிள்ளை சுலக்ஷனா. நாலு வயது. அந்த வாரம் அவள் சித்தி கல்யாணத்துக்காகக் கொத்மலைக்குப் போயிருந்தாள். தூங்குகிற பிள்ளைக்குப் பூப் போடலாம், ஊரிலேயே இல்லாத பிள்ளைக்கு எப்படிப் போடுவது என்று நாகலெட்சுமிக்கு மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை.

சுலக்ஷனா பொட்டியக்காவோடு பேசிப் பார்க்காதவள் இல்லை. கல்யாணத்துக்குப் போவதற்கு முன்பு மூன்று நாள் டெப்பின் எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்து, நீ யார் வீட்டுப் பிள்ளை, உன் அம்மா இன்றைக்கு எந்த மலையில் நிற்கிறாள், உனக்கு அந்தப் பொட்டிக்குள் குளிரவில்லையா என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது. நாலாம் நாள் எழுந்து வந்து நாகலெட்சுமியின் காதில் சொன்னாள்:

“நாகுக்கா, இந்தக்காவுக்குக் காது கேக்காது. பாவம்.”

அதற்குப் பிறகு அவள் அதனிடம் வாயைத் திறக்கவில்லை. காது கேட்காதவர்களிடம் கத்தக்கூடாது என்று அவளுடைய அம்மா சொல்லியிருந்தாள்.

அடுத்த வியாழன் ஜீவராஜ் தாளைப் பார்த்து மலர்ந்துபோனார். மொழி வளர்ச்சி எண்பத்தேழு வீதம் என்று கணக்குப் போட்டு, டெப்பையும் பிள்ளைகளையும் சேர்த்து நாலு படம் எடுத்தார். மீதியிருந்த ஒரு பிள்ளையைத் தானே சோதிப்பதாகச் சொல்லிச் சுலக்ஷனாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவள் பொட்டியக்காவை இரக்கத்தோடு பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபது படம் வந்து போயிற்று. இருபதுக்கும் வாய் திறக்கவில்லை.

எல்லாப் பிள்ளைகளும் முட்டை வாங்கியிருந்தால் இந்த முட்டையை யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். மேலும் கீழும் பதினெட்டும் பதினேழுமாக நிற்க, நடுவில் அது ஒன்று மட்டும் உருண்டையாக உட்கார்ந்திருந்தது. பூக்களையெல்லாம் சுற்றிவரக் குவித்து அந்த முட்டையை நடுவில் வைத்தது தன் கைதான் என்பது நாகலெட்சுமிக்கு அந்தக் கணமே உறைத்தது.

ஜீவராஜ் இன்னொரு தாள் எடுத்தார். ‘மொழித் தாமதமுடையோர்’ என்று அதற்குத் தலைப்பு. அதில் சுலக்ஷனாவின் பேரை எழுதினார். பெரிதாக ஒன்றும் இல்லை என்றார். அடுத்த வாரம் தன் முன்னிலையில் இரண்டாம் சோதனை; அதிலும் பூச்சியம் என்றால் பேரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு நுவரெலியாவுக்கு அனுப்புவார்; அங்கிருந்து ஒரு கடிதம் வரும்; முதலாம் வகுப்பில் சேரும்போது அந்தக் கடிதமும் பிள்ளையோடு கூடவே போகும்; அவளை மற்றப் பிள்ளைகளோடு இருத்தாமல் தனியான வகுப்பில் இருத்துவார்கள். எல்லாம் அவளுடைய நன்மைக்கே.

சாயந்தரம் கூடையோடு வந்த சுலக்ஷனாவின் அம்மாவிடம் ராக்காயிதான் விஷயத்தைச் சொன்னாள். அவள் முதலில் சிரித்தாள். பிறகு, அடுத்த வாரச் சோதனைக்காக அவர் வைத்துவிட்டுப் போயிருந்த தாளை வாங்கிப் பார்த்தாள். மகளுடைய பேர் அச்சுக் கோட்டுக்குள் தனியாக நிற்பதைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

“எங்கிட்ட மூடாத வாய அங்க ஏன் மூடுறா? நாகு, நீ நாளெல்லாம் கூடவே இருக்கிறவ. எம் புள்ளைக்குப் பேச்சு வரலையா?”

“வருதுக்கா. நல்லா வருது.”

“அப்ப அத அந்த சேர்கிட்ட ஒரு வார்த்த சொல்லேன்.”

நாகலெட்சுமி தலையை ஆட்டினாள். தலை ஆட்டுவது சுலபம்.

அந்த ஒரு வாரமும் அவள் ஒரு வசனத்தைப் பாடமாக்கினாள். ‘சேர், இந்தப் புள்ள நல்லாப் பேசும்.’ பீலியடியில் சொல்லிப் பார்த்தாள், வந்தது. புள்ளக்காம்பராச் சுவருக்குச் சொன்னாள், வந்தது. வாசலில் காய்ந்துகொண்டிருந்த அண்ணனுடைய பழைய சப்பாத்தைப் பார்த்துச் சொன்னாள், ‘சேர்’ வரைக்கும் வந்தது. இன்னொரு பக்கம் சுலக்ஷனாவைப் பழக்கப் பார்த்தாள். அந்தப் படம் வந்தால் வீடு என்று சொல்ல வேண்டும் என்றதற்கு, “அது பங்களாக்கா. வீடுன்னா நம்ம காம்பராதானே” என்று அவளைத் திருத்தினாள் சுலக்ஷனா. சரி, பொட்டியக்காவுக்காக ஒருதடவை வீடு என்று சொல்லு என்று கெஞ்சினாள். அதற்குத்தான் காது கேட்காதே என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. வேன் கடைசி வளைவில் ஏற மறுத்துவிட்டதால் ஜீவராஜ் குடையைப் பிடித்துக்கொண்டு கொழுந்து மலை ஊடாகக் குறுக்குப்பாதையில் ஏறி வந்தார். வந்து கதிரையில் உட்கார்ந்து, தாளையும் சிவப்புப் பேனையையும் மேசையில் எடுத்து வைத்தார். மற்றப் பிள்ளைகள் பாயில் இருந்தார்கள். சுலக்ஷனாவை முன்னால் நிறுத்தினார்கள். நாகலெட்சுமி வழக்கம்போலச் சப்பாத்தைப் பார்த்தாள்.

சப்பாத்து நனைந்திருந்தது. நாடாவின் இரட்டை முடிச்சுக்கு மேலே, வெள்ளை மேஸின் மடிப்புக்குள், கறுப்பாக ஒன்று பாதி உடம்பை நுழைத்துக்கொண்டிருந்தது.

“அன்புச் செல்வங்களே, அட்டையைத் தொடுங்கள்” என்றது டெப்.

பாயில் இருந்தவர்கள் வழக்கப்படி காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்கள். சுலக்ஷனா தன் காலைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. நாகலெட்சுமியின் காலைப் பார்த்தாள். பிறகு மேசைக்குக் கீழே பார்த்தாள்.

“அட்ட” என்றாள்.

ஜீவராஜுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. “நன்று. மிக நன்று. எங்கே, அட்டையைத் தொடு பார்க்கலாம்.”

அவள் மேசையைச் சுற்றி வந்து, குனிந்து, அவருடைய காலுக்கு நேரே விரலை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடித்து டெப்பின் மேல் கொண்டுபோய் வைத்தார். அவள் கையை இழுத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தாள். அவர் மறுபடியும் பிடித்து வைத்தார். இனி வாயால் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது.

“பெரிய அட்ட சேர். மேஸுக்குள்ள போயிருச்சு. தல உள்ள இருக்கு, வாலு வெளிய ஆடுது. நீங்க புடிச்சு இழுத்துறாதீங்க, இழுத்தா வாயி உள்ளயே நின்னு புண்ணு வந்துரும், எங்கப்பாவுக்கு அப்பிடித்தான் வந்துச்சு. ராக்காயி ஆயாகிட்ட சவுக்காரம் இருக்கு, அதத் தேச்சா தானா விழும். இப்ப குடிச்சுக்கிட்டு இருக்கு. குடிச்சு முடிச்சிட்டா சின்ன கத்தரிக்கா மாதிரி வரும் சேர்.”

“மீண்டும் முயற்சி செய்க” என்றது டெப்.

ஜீவராஜ் அவள் பேசி முடியும்வரை பொறுமையாகப் புன்னகை செய்தார். ‘தொடர்பற்ற பேச்சு. கவனச் சிதறல்’ என்று தாளில் எழுதினார். பூ எத்தனை என்ற கட்டத்தில் பூச்சியம் போட்டார். பிறகு நீலப் பேனையை மூடிவைத்துவிட்டு, சிவப்புப் பேனையைத் திறந்து, பேரைச் சுற்றி நிதானமாக வட்டம் போடத் தொடங்கினார்.

வட்டம் முக்கால்வாசி வந்துவிட்டது.

“சேர்.”

யார் கூப்பிட்டது என்று ஜீவராஜ் சுற்றுமுற்றும் பார்த்தார். அந்தக் குரலை அவர் இதற்குமுன் கேட்டதில்லை. நாகலெட்சுமிக்குத் தொண்டையில் கொழுக்கட்டை அடைத்துக்கொண்டுதான் இருந்தது. பாடமாக்கின வசனம் அதற்குப் பின்னால் எங்கேயோ சிக்கிக்கொண்டது. வெளியே வந்தது வேறு.

“அது பேசுது சேர். பொட்டிக்குத்தான் கேக்கல. மத்த புள்ளைங்களுக்கு விழுந்த பூவெல்லாம் நான் சொன்னது. இது ஒண்ணுதான் இங்க தானாப் பேசுன புள்ள.” மூச்சு வாங்கிக்கொண்டு, மறந்துபோன ஒன்றையும் சேர்த்துச் சொன்னாள்: “ஒங்க கால்ல அட்ட சேர்.”

ஜீவராஜ் குனிந்து பார்த்தார். வெள்ளை மேஸில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு ஊறியிருந்தது.

“அய்யய்யோ ஆத்தே, அட்ட! அடியே, உப்பு கொண்டாங்கடி!”

முற்றுப்புள்ளி ஒன்றும் காதில் விழவில்லை. கீழ்க்கணக்கு லயத்துக் கடைசிக் காம்பராவிலிருந்து வந்த மாதிரி வந்தது அந்தக் குரல். பாயில் இருந்த பிள்ளைகள் ஓர் ஊர்க்காரனைக் கண்டுகொண்டவர்களைப் போலச் சிரித்தார்கள். டெப் ஒரு கணம் யோசித்தது.

“அருமை, குழந்தையே!” என்றது. திரை நிறையப் பூ விழுந்தது.

ராக்காயி சவுக்காரத் துண்டோடு வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள். சப்பாத்தைக் கழற்றி, மேஸை உருட்டி இறக்கி, துண்டை நனைத்துத் தேய்த்தாள். அட்டை சுருண்டு விழுந்தது. சுலக்ஷனா சொன்ன அளவுதான் இருந்தது.

“தம்பிக்கு எந்தத் தோட்டம்?” என்று கேட்டாள் ராக்காயி, தலையை நிமிர்த்தாமல்.

இந்தத் தடவை அவர் கொழும்பிலிருந்து வருகின்றேன் என்று சொல்லவில்லை. கடிவாயிலிருந்து ரத்தம் நிற்காமல் கோடு போட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

“தாள் ஒட்டணும் சேர்” என்றாள் சுலக்ஷனா. “எச்சியில நனச்சு ஒட்டுங்க. அப்பத்தான் நிக்கும்.”

அது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அதற்குள் கை மேசைக்குப் போய்விட்டது. அங்கே இருந்தது அந்த ஒரு தாள்தான். அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். தாளின் மேல்பக்கம் திட்டத்தின் சின்னத்தைச் சுற்றி நிறைய வெற்றிடம் இருந்தது, கீழேயும் கையெழுத்துக்கென்று நாலு விரல் வெள்ளை விட்டிருந்தது. ஒரு துண்டு கிழிக்க எந்தப் பக்கமும் இடம் இருந்தது. அவர் நடுவில் கிழித்தார். பேரும் பூச்சியமும் முக்கால் வட்டமும் இருந்த அந்த வரியை மட்டும், பெருவிரல் அகலத்துக்கு, ஓரம் பிசகாமல் கிழித்து எடுத்து, நாக்கில் நனைத்து, கடிவாயில் ஒட்டி, விரலால் அமுக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் சிவப்பு மை எது, ரத்தம் எது என்று தெரியாமல் போயிற்று.

நாகலெட்சுமி காத்துக்கொண்டு நின்றாள். பதினாறு பிள்ளைகளின் பூவும் தன்னுடையது என்று தன் வாயாலேயே சொல்லியாயிற்று. இனி வரவேண்டியது வேலையைவிட்டு நிற்கச் சொல்லும் வார்த்தைதான். பார்த்துக்கொண்டு நிற்க அந்தக் காலில் சப்பாத்து இல்லை. வேறு வழியில்லாமல் கண்ணை மேலே ஏற்றினாள். சின்ன முகம். அவளைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். அவர் எழுந்து, ஒரு மேஸைக் காற்சட்டைப் பையில் திணித்து, குடையை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் வந்து நின்று வாயைத் திறந்தார். ஏதோ வந்து அடைத்துக்கொண்ட மாதிரி மூடிக்கொண்டார். என்ன வந்து அடைத்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

டெப் மேசையிலேயே கிடந்தது. ஒரு சப்பாத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈரப்புல்லில் கால் வைக்கிற இடத்தைப் பார்த்துப் பார்த்து, தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஆள் இறங்குகிற மாதிரியே, ஜீவராஜ் குறுக்குப்பாதையில் இறங்கிப் போனார்.